பட்டம் வாங்கும் முன்பே முதுநிலைப் பாடம்: ஒன்றிரண்டு போதுமா, ஒரேயடியாக மாஸ்டர்ஸா?

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பேச்சலர்ஸ் படிக்கும் மாணவருக்கு மூன்றாம் ஆண்டு முடியும்போது கால அட்டவணையில் கொஞ்சம் காற்றாடும். கட்டாயப் பாடங்கள் பெரும்பாலும் முடிந்திருக்கும். அப்போதுதான் பாடப் பட்டியலில் 500, 600 என்று தொடங்கும் எண்கள், அதாவது பல இடங்களில் முதுநிலைப் பாடங்களுக்குத் தரும் எண்கள், கண்ணில் படும். "இதையும் இப்பவே படிச்சுட்டா மாஸ்டர்ஸில் பாதி முடிஞ்ச மாதிரிதானே?" என்று யாராவது ஒரு சீனியர் சொல்லியிருப்பார். பாதியெல்லாம் முடியாது. எவ்வளவு முடியும் என்பது எந்த வழியாகப் போகிறோம் என்பதைப் பொறுத்தது.

முதுநிலைப் பாடத்தைப் படிப்பது வேறு, அது முதுநிலைக் கிரெடிட்டாக (பட்டத்துக்குச் சேர்த்து வைக்கும் பாடப் புள்ளியாக) ஏறுவது வேறு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 500 எண் பாடத்தை விருப்பப் பாடமாக எடுத்து, அது பேச்சலர்ஸுக்கு வேண்டிய 120 கிரெடிட்டில் சேர்ந்துவிட்டால், பொதுவாக அதன் கதை அங்கேயே முடிந்தது. பின்னால் வேறு பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸ் சேர்ந்து, "இதை நான் முன்பே படித்துவிட்டேன்" என்றால், "நல்லது, அதற்கு அடுத்த பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். அறிவு கூடவே வரும், கிரெடிட் வராது.

இப்படி ஒன்றிரண்டு பாடம் எடுப்பதுதான் முதல் வழி. என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். ஆசிரியரின் அனுமதி, அட்வைசரின் கையெழுத்து, ஓரளவு நல்ல ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) இருந்தால் பல இடங்களில் போதும். இளநிலை மாணவராகவே பதிவாகியிருப்பதால் பல கல்லூரிகளில் கட்டணமும் மாறாது. வகுப்பில் பாடப்புத்தகத்தை விட ஆய்வுக் கட்டுரைகள் அதிகம் புழங்கும், பரீட்சையை விட புராஜெக்டுக்கு எடை கூடுதலாக இருக்கும். மேலே படிக்கலாமா என்று குழம்புகிறவருக்கு ஒரே செமஸ்டரில் விடை கிடைத்துவிடும். பிடிக்கவில்லை என்று தெரிந்தாலும் லாபம்தான். இரண்டு வருஷம் மிச்சம்.

இன்னொரு பலன் சிபாரிசுக் கடிதம். நூறு பேர் உட்கார்ந்த இளநிலை வகுப்பின் ஆசிரியர் "நன்றாகப் படித்தார்" என்றுதான் எழுத முடியும். பதினைந்து பேர் வகுப்பில், முதுநிலை மாணவர்களுக்கு நடுவில் பார்த்தவர், அவர்களோடு ஒப்பிட்டே எழுதுவார். அந்த ஒரு வாக்கியத்துக்கு மதிப்பு அதிகம்.

இரண்டாவது வழி, பேச்சலர்ஸ் தேவைக்கு மேல் உபரியாக எடுக்கும் பாடத்தை எதிலும் சேர்க்காமல் மாஸ்டர்ஸுக்கு என்று ஒதுக்கி வைப்பது. பாடம் தொடங்கும் முன்பே படிவம் கொடுத்தாக வேண்டும் என்று பல கல்லூரிகளில் விதி இருக்கிறது. முடிந்த பிறகு போய் நின்றால் நடக்காது. அதே பல்கலைக்கழகத்தில் தொடர்ந்தால் இது பயன்படும். வேறு இடம் போனால், வெளியிலிருந்து வரும் கிரெடிட்டில் 6 முதல் 9 வரைதான் ஏற்போம், அதுவும் பி கிரேடுக்குக் குறையக் கூடாது என்பது சாதாரணமாகக் காணும் நிபந்தனை. அதையும் அந்தத் துறை பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும். போகும் இடம் முடிவாகாமல் இதற்காகக் கூடுதல் பாரம் சுமப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூன்றாவது, விளம்பரங்களில் அதிகம் தென்படும் 4+1 கூட்டுத் திட்டம். ஐந்து வருஷத்தில் இரண்டு பட்டம். மாஸ்டர்ஸுக்கு 30 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். முதுநிலையில் முழுநேரப் பளு பல இடங்களில் செமஸ்டருக்கு 9. அப்படியானால் தனியாகப் படித்தால் மூன்று செமஸ்டர் போக ஒரு பாடம் தொங்கும். கூட்டுத் திட்டத்தில் 12 கிரெடிட் இரண்டு பட்டத்துக்கும் பொதுவாகக் கணக்கானால் மீதி 18, அதாவது இரண்டே செமஸ்டர். ஆக, மிச்சமாவது ஒரு செமஸ்டரும் கொஞ்சமும். குறைவில்லைதான், ஆனால் "ஒரு வருஷம் இலவசம்" என்று நினைத்துச் சேர்ந்தவர்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

எல்லா இடத்திலும் இந்த இரட்டைக் கணக்கு கிடையாது. ஸ்டான்போர்டில் கோடெர்ம் என்று அழைக்கும் கூட்டுத் திட்டத்தில் பேச்சலர்ஸுக்கு 180 யூனிட் (கிரெடிட்டுக்கு அங்கே அதுதான் பெயர்), மாஸ்டர்ஸுக்கு 45 யூனிட். ஒரே யூனிட்டை இரண்டிலும் காட்ட முடியாது. அங்கே கிடைக்கும் லாபம், இளநிலை முடியும் முன்பே முதுநிலையைத் தொடங்கி, இடைவெளி விடாமல் போவது மட்டும்தான். கேட்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் திட்டங்களுக்குள் இவ்வளவு வித்தியாசம்.

கூட்டுத் திட்டத்தில் எனக்கு உறுத்துவது பணம். திருப்பிக் கட்ட வேண்டாத அரசு உதவியான பெல் கிராண்ட், பெரும்பாலும் பேச்சலர்ஸ் வாங்காதவருக்குத்தான். அரசே வட்டி கட்டும் மாணவர் கடன் 2012 ஜூலையிலிருந்து முதுநிலை மாணவருக்கு இல்லை. கல்லூரி தரும் உதவித்தொகை பலவும் எட்டு செமஸ்டரோடு நின்றுவிடும். ஆகவே எந்த நாளில் நம்மை "முதுநிலை மாணவர்" என்று மாற்றி எழுதுவார்கள் என்பதுதான் முக்கியமான கேள்வி. சேர்க்கை அலுவலகத்தில் இதைக் கேட்டால் நிதி உதவி அலுவலகத்தைக் காட்டுவார்கள், அங்கே கேட்டால் திரும்பவும் இங்கே அனுப்புவார்கள். எழுத்தில் பதில் வரும்வரை கையெழுத்துப் போட வேண்டாம்.

எஃப்-1 எனும் வெளிநாட்டு மாணவர் விசாவில் இருப்பவருக்கு இன்னொரு முடிச்சு. படிப்புக்குப் பின் வேலை பார்க்க உதவும் ஓபிடி, ஒவ்வொரு பட்ட நிலைக்கும் ஒருமுறை, 12 மாதம். இரண்டு பட்டத்தையும் ஒரே நாளில் கையில் கொடுக்கும் திட்டமானால் பேச்சலர்ஸுக்கு உரிய அந்த 12 மாதத்தைப் பயன்படுத்த இடமே இருக்காது. முதல் பட்டத்தை முன்னதாகத் தரும் திட்டமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

கிரேடு விஷயத்திலும் கவனம் வேண்டும். இளநிலையில் சி வாங்கினால் பாடம் பாஸ், அவ்வளவுதான். முதுநிலையில் சராசரி 3.0, அதாவது பி, இல்லாவிட்டால் பெரும்பாலும் எச்சரிக்கைக் கடிதம் வந்துவிடும். கூட்டுத் திட்டத்தில் அந்தச் சி இரண்டு பட்டியலிலும் ஏறி உட்காரவும் கூடும்.

அப்புறம், எதுவும் எடுக்காமல் இருப்பதும் ஒரு வழிதான். பிஎச்டி நினைப்பில் இருப்பவருக்கு அதுவே சில நேரம் மேல். அமெரிக்காவில் பல துறைகளில் பேச்சலர்ஸ் முடித்த கையோடு பிஎச்டி சேரலாம், மாஸ்டர்ஸ் பட்டம் போகிற வழியிலேயே பல இடங்களில் கிடைத்துவிடும். தேர்வுக்குழு பார்ப்பது ஆய்வு அனுபவத்தை. ஐந்து முதுநிலைப் பாடம் எடுத்தவரை விட, ஒன்றை மட்டும் எடுத்து மீதி நேரம் ஆய்வகத்தில் கிடந்தவருக்கு வாய்ப்பு அதிகம்.

இங்கிலாந்தில் இந்தக் குழப்பம் குறைவு. நான்கு வருஷ எம்.எங். (பொறியியல் மாஸ்டர்ஸ்) படிப்பை முழுக்க இளநிலையாகவே வைத்து மாணவர் கடன் தருகிறார்கள். இந்தியாவின் ஐஐடிகளில் உள்ள ஐந்து வருஷ இரட்டைப் பட்டமும் அந்தச் சாயல்தான்: பாடத்திட்டம் முதலிலேயே ஒன்றாகத் தைக்கப்பட்டிருக்கும், நாம் ஒட்டுப்போட வேண்டியதில்லை.

அமெரிக்காவில் தைப்பது நம் வேலை. 4+1 எடுக்கலாமா என்று கேட்பவரிடம் நான் ஒன்றைத்தான் திருப்பிக் கேட்பேன்: இந்தத் திட்டமே இல்லாமல் இருந்திருந்தால், இதே கல்லூரிக்கு, இதே மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பம் போட்டிருப்பீர்களா? "ஆமாம்" என்று சட்டென்று வந்தால் தாராளமாகச் சேரலாம். யோசித்தால், அடுத்த செமஸ்டரில் பிடித்த ஒரே ஒரு 500 எண் பாடத்துக்கு அனுமதி கேட்டு அந்த ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்.