38,000 ரூபாய்க்கு ஒரு பிரிண்ட் அவுட் வாங்கினேன்: பழைய படம் ஆன்லைன்ல வாங்குறவங்க கவனம்

ராத்திரி முழுக்க தூக்கம் இல்ல, கோவத்துல டைப் பண்றேன், தப்பு இருந்தா கண்டுக்காதீங்க. 38,000 ரூபா போச்சு. பழம்பொருள் ஏலம் விடுற ஒரு ஆப். பேர் வேணாம், வக்கீல் ஃப்ரெண்டு இப்போதைக்கு வாயத் திறக்காதன்னுட்டான்.

காளிகாட் படங்கள் மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு கிறுக்கு. கொல்கத்தா காளி கோயில் பக்கம் பட்டுவாக்கள்ங்கற ஓவியர்கள் சாமி படம் வரைஞ்சு காலணாவுக்கும் ஒரு அணாவுக்கும் வித்தாங்கல்ல, அவங்க, ஊரையே கலக்கின ஒரு கொலைக்கேஸையும் விட்டு வைக்கல. 1873ல வங்காளத்து தாரகேஸ்வர் கோயில் மஹந்த் (தலைமைச் சாமியார்) மாதவ்சந்திர கிரிக்கும் எலோகேஷிங்கற 16 வயசுப் பொண்ணுக்கும் தொடர்புன்னு தெரிஞ்சு (அந்தாள் கெடுத்துட்டான்னும் சொல்வாங்க) அவ புருஷன் நபின் மீன் அரியற அரிவாள்மணையால அவ கழுத்த வெட்டிட்டான். ஹூக்ளி கோர்ட் ஜூரி அவன விட்டுருச்சு, ஜட்ஜ் ஒத்துக்காம ஹைகோர்ட்டுக்கு அனுப்ப, அங்க ஆயுள் தண்டனை, ஜனங்க மனு மேல மனு போட்டு 1875ல வெளிய வந்துட்டான். மஹந்துக்கு 3 வருஷம் ஜெயில், 2,000 ரூபா ஃபைன். அந்தாளுக்கே 2,000 தான், எனக்கு 38,000!

அந்த மஹந்த் ஜெயில்ல செக்கு ஆட்டுற படம் தான் ஆப்ல வந்துச்சு. விக்கிறவன் வீடியோ கால்ல வந்தான். வாய்க்கு வாய் 'தாதா' (வங்காளத்துல அண்ணன்னு அர்த்தம்). படத்தக் காட்டினத விட கதை சொன்னது தான் அதிகம், தாத்தா காலத்துல இருந்து வீட்டுல இருக்கு, பாட்டி இத பாத்தாலே முகத்தத் திருப்பிக்குவாங்க, அது இதுன்னு. பழம்பொருள் விக்க தொல்லியல் துறை லைசென்ஸ் இருக்கான்னு கேட்டேன், கேட்கத் தெரிஞ்சுது எனக்கு, அதுக்கு "அதெல்லாம் கடைக்காரங்களுக்கு தாதா, நாங்க குடும்பம்"னான். நானும் தலையாட்டினேன். அப்புறம் "ஆப் கமிஷன் எதுக்கு வீணா, நேரா யூபிஐல போடுங்க, 38,000க்கு முடிச்சுக்கலாம்"னான். போட்டேன். கடைசியா அக்கறையா ஒண்ணு சொன்னான் பாருங்க, "ஃப்ரேம மட்டும் கழட்டிடாதீங்க, பழைய பேப்பர், காத்து பட்டா உதிர்ந்துரும்". எவ்வளவு நல்ல மனுஷன்னு நெனச்சேன்.

கூரியர்காரன் புண்ணியத்துல கண்ணாடி விரிசல் விட்டு வந்துச்சு. மாத்தலாம்னு கழட்டினேன். படத்தோட கீழ் வலது மூலையில ஒரு கிழிசல், அதச் சுத்தி பழுப்புக் கறை. விரலால தடவினா வழவழன்னு இருக்கு. கிழிசலே பிரிண்ட்! லென்ஸ் வச்சுப் பாத்தா செக்கு மரம் முழுக்க சின்னச் சின்ன கலர் புள்ளி, மேல மட்டும் கறுப்புக் கோட்ட பிரஷ்ஷால ஒரு தடவ இழுத்து விட்டிருக்கான். இந்தப் படங்கள்ல நகைக்கு வெள்ளி மாதிரி மினுங்குற ஒரு பூச்சு இருக்கும், இதுல அந்த இடம் சாம்பல் பூசின மாதிரி செத்துக் கிடக்கு. பேப்பர் நல்ல தடி. அசல் மெலிசான மில் பேப்பர்ங்க, அது எனக்கே தெரியும், தெரிஞ்சும் தான் ஏமாந்தேன். மிஷின்ல அடிச்ச மலிவுப் படம் வந்து தான் பட்டுவாக்கள் பொழப்பே போச்சு, இப்ப அவங்க பேர்லயே மிஷின் பிரிண்ட்ட நமக்குத் தள்ளுறானுங்க.

போன் பண்ணா மொதல்ல "லைட்டிங்ல அப்படித் தெரியும் தாதா". அடுத்த நாள் "கல்யாண வீட்டுல இருக்கேன்". அதுக்கப்புறம் வாட்ஸப்ல ஒத்த டிக் தான். ஆப் கஸ்டமர் கேர்ல ஒவ்வொரு தடவயும் வேற வேற ஆள், ஆனா டயலாக் ஒண்ணு தான், "உங்க வருத்தம் புரியுது சார்". என்ன புரிஞ்சுது? 38,000 திரும்ப வருமான்னு கேட்டா, பணம் எங்க வழியா வரல, ஃப்ரேமும் கழட்டியாச்சு, ரிட்டர்ன் கிடையாதுன்னு டிக்கெட்ட க்ளோஸ் பண்ணிட்டாங்க. "நாங்க வெறும் பிளாட்ஃபார்ம் தான் சார்"னு ஒருத்தி. ரயில்வே ஸ்டேஷன்ல கூட பிளாட்ஃபார்ம் டிக்கெட் பத்து ரூபா தாம்மா.

எப்படி செக் பண்றதுன்னு விவரமா எழுதணும்னு தான் உக்காந்தேன், இப்ப பொறுமை இல்ல. ஆப்ப விட்டு வெளிய பணம் போடாதீங்க. ஃப்ரேம் இல்லாம முன்னாடி பின்னாடி ரெண்டும் காட்டச் சொல்லுங்க. நூறு வருஷத்துக்கு மேலன்னு சொன்னா லைசென்ஸ் கேளுங்க, மழுப்புனா வச்சுருங்க போன. பணம் போயிருச்சுன்னா உடனே சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் அடிங்க, நான் மூணு நாள் அவன் கல்யாண வீட்ட நம்பி உக்காந்திருந்தேன்.

இத எழுதிட்டு இருக்கும்போதே அந்த ஆப்ப தொறந்தேன். வேற ஐடி, அதே செக்கு ஆட்டுற மஹந்த், 'மிக அரிது', 42,000. கீழ் வலது மூலையில அதே கிழிசல். யாரும் ஏலம் கேட்டுடாதீங்க.