விஎஸ் கோடா, ஈமேக்ஸா: யார் கட்டுப்பாட்டில் எழுதுகிறோம்?

நிரல் எழுதும் எடிட்டராக மைக்ரோசாப்டின் விஎஸ் கோடை வைத்திருந்தேன்; அதை விட்டு ஈமேக்ஸ் என்ற எடிட்டருக்கு முழுதாக மாறிவிட்டேன். அலுவலக வேலைக்கும் சொந்த நிரல்களுக்கும் இப்போது அது ஒன்றுதான். ஏன் என்று கேட்பவர்கள் வேகம், அழகு, வசதி என ஏதாவது ஒரு காரணத்தை எதிர்பார்க்கிறார்கள். அந்த மூன்றில் எதற்காகவும் நான் மாறவில்லை. நாள் முழுக்கக் கைவைத்துப் புழங்கும் கருவியை நாளை யார் மாற்ற முடியும், யார் நிறுத்த முடியும் என்ற ஒரே கேள்விதான் காரணம். நான் ஈமேக்ஸ் பக்கம் சாய்ந்தவன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்தவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். புதிதாக நிரல் எழுத வருபவர் விஎஸ் கோடை நிறுவிய கொஞ்ச நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடலாம். ஈமேக்ஸில் வெட்டவும் ஒட்டவும் அழுத்தும் விசைகளே வேறு. கை பழகச் சில வாரங்கள் பிடிக்கும். பிழையைத் தேட உதவும் டிபக்கர் விஎஸ் கோடில் தெளிவாக இருக்கிறது. ஈமேக்ஸில் ஜிடிபி என்ற டிபக்கருக்கான ஆதரவு பழையது, உறுதியானது. மற்ற மொழிகளுக்குத் தனித் தொகுப்பு (கூடுதல் வசதி தரும் நிரல்) போட்டு நாமே அமைக்க வேண்டும். விஎஸ் கோட், உள்ளே ஒரு வலை உலாவியையே கொண்ட எலக்ட்ரான் என்ற அடித்தளத்தின் மேல் ஓடுவதால் நினைவகம் நிறைய எடுக்கும். ஈமேக்ஸ் பெரும்பாலும் ஒரே இழையில் (ஒரு நேரத்தில் ஒரு வேலை என்ற முறையில்) ஓடுவதால், கனமான வேலை வந்தால் திரை ஒரு நொடி உறைந்து நிற்கும். இதையெல்லாம் இரு பக்கமும் கூட்டிக் கழித்தால் விஎஸ் கோடுக்குத்தான் கூடுதல் புள்ளி.

ஒரு காலத்தில் ஈமேக்ஸின் பெரிய குறை வேறாக இருந்தது. ஒரு மொழியைப் புரிந்துகொண்டு சரியான பெயர்களைப் பரிந்துரைப்பது, ஒரு செயற்கூறு எங்கே வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று தாவிப் போவது போன்றவற்றை ஒவ்வொரு எடிட்டரும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக எழுத வேண்டியிருந்தது. 2016-ல் மைக்ரோசாப்ட் லேங்குவேஜ் சர்வர் ப்ரோட்டோகால் என்ற நெறிமுறையைத் திறந்த தரமாக வெளியிட்டது. மொழிக்கு ஒரு சர்வர் எழுதினால் போதும், எந்த எடிட்டரும் அதனோடு பேசலாம். நியோவிம் என்ற எடிட்டர் 2021-ல் வந்த 0.5 பதிப்பில் இதை உள்ளேயே சேர்த்துக்கொண்டது. ஈமேக்ஸ் 2023-ல் வந்த 29-ஆம் பதிப்பில் எக்லாட் என்ற பெயரில் சேர்த்தது. நிரலின் இலக்கணத்தைப் பகுத்துக் காட்டும் ட்ரீ-சிட்டருக்கான ஆதரவும் அதே பதிப்பில் வந்தது. இதற்காக மைக்ரோசாப்டை மனமாரப் பாராட்டுகிறேன். விஎஸ் கோடை விட்டு வெளியேற எனக்குப் பாதை போட்டுக் கொடுத்ததே அவர்கள் வெளியிட்ட நெறிமுறைதான். மொழி ஆதரவு என்ற அளவில் இன்று இரண்டுக்கும் பெரிய இடைவெளி இல்லை.

ஆகவே நான் நெடுநேரம் யோசித்த விஷயத்துக்கு வருகிறேன்.

திறந்த மூலம், மூடிய விநியோகம்

"விஎஸ் கோடும் ஓப்பன் சோர்ஸ்தானே?" என்று கேட்பார்கள். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் கிடக்கும் மூலநிரல், யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்த அனுமதிக்கும் எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் மைக்ரோசாப்டின் தளத்திலிருந்து நீங்கள் இறக்கி நிறுவும் விஎஸ் கோட் அந்த உரிமத்தில் வருவதில்லை. அதே மூலநிரலோடு மைக்ரோசாப்டின் முத்திரை, பயன்பாட்டுத் தரவை அனுப்பும் அமைப்பு, எக்ஸ்டென்ஷன் எனப்படும் கூடுதல் நிரல்களை வழங்கும் சந்தையின் முகவரி எல்லாம் சேர்த்துக் கட்டி, தனி உரிமத்தில் கொடுக்கிறார்கள். தரவு அனுப்புவதை அமைப்புகளில் அணைத்துவிடலாம் என்பதால் அதைப் பெரிய புகாராக நான் எடுக்கவில்லை.

சந்தைதான் சிக்கல். விஎஸ் கோடின் பலம் எடிட்டரில் பாதி, எக்ஸ்டென்ஷன்களில் பாதி. அந்த எக்ஸ்டென்ஷன்களை வைத்திருக்கும் சந்தையை மைக்ரோசாப்டின் விஷுவல் ஸ்டுடியோ குடும்பத்துப் பொருட்களோடு மட்டுமே பயன்படுத்தலாம் என்று அதன் விதிமுறை சொல்கிறது. எம்ஐடி மூலநிரலை எடுத்து நீங்கள் சொந்தமாக ஒரு எடிட்டர் கட்டலாம். அந்தச் சந்தையோடு அதை இணைக்கக் கூடாது. வீட்டின் வரைபடத்தை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போகும் தெருவை மட்டும் தன் பெயரில் பதிந்து வைத்துக்கொண்டது போன்ற ஏற்பாடு இது.

சந்தைக்கு வெளியிலிருந்து எக்ஸ்டென்ஷன் கோப்பைத் தனியே இறக்கிப் போட்டாலும் முக்கியமான சில மூடியவை. பைத்தான் மொழிக்கான பைலான்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் ஓடும் பைரைட் திறந்த மூலம்; மேலே சேர்த்திருக்கும் பைலான்ஸ் மூடியது, மைக்ரோசாப்டின் பொருட்களில் மட்டும் பயன்படுத்த உரிமம் உள்ளது. தொலைவிலுள்ள சர்வரில் வேலை செய்ய உதவும் ரிமோட்-எஸ்எஸ்எச் அப்படித்தான். சி, சி++ எக்ஸ்டென்ஷனிலும் இதே கட்டுப்பாடு உண்டு. பல காலம் அது காகிதத்தில்தான் இருந்தது. 2025 ஏப்ரலில், விஎஸ் கோடின் மூலநிரலிலிருந்து பிறந்த கர்சர் போன்ற எடிட்டர்களில் அந்த எக்ஸ்டென்ஷன் ஓட மறுத்தது. உரிமத்தில் எழுதியிருந்த வரி, ஓர் அப்டேட்டில் கதவாக மாறிவிட்டது. சட்டப்படி அவர்களுக்கு அந்த உரிமை உண்டு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த உரிமை இன்னொருவரிடம் இருக்கும் கருவியின் மேல் என் அன்றாட வேலையைக் கட்டி எழுப்ப வேண்டுமா என்பதுதான் என் யோசனை.

கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலேயே இந்தக் கட்டுப்பாடு கடிக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2024 தொடக்கத்தில் வந்த விஎஸ் கோடின் 1.86 பதிப்பு, தொலை சர்வரில் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை நூலகம்) 2.28 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்றது. ஆர்எச்இஎல் 7, சென்ட்ஓஎஸ் 7 போன்ற லினக்ஸ் பதிப்புகளில் இருந்தது 2.17. அவை பழையவைதான், ஆனால் ஆர்எச்இஎல் 7-க்கான பராமரிப்புக் காலமே அப்போது முடிந்திருக்கவில்லை. எடிட்டர் தானாகவே புதுப்பித்துக்கொண்டதால், முந்தின நாள் வரை திறந்த சர்வர் மறுநாள் திறக்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே எச்சரிக்கையோடு இணைய வழிவிட்டு, அவகாசம் கொடுத்தார்கள். அந்த நிதானம் பாராட்டத்தக்கது. என்றாலும் பழைய சர்வரைத் தொடலாமா கூடாதா என்பதை முடிவு செய்யும் இடத்தில், சர்வரின் சொந்தக்காரரும் இல்லை, நிரல் எழுதுபவரும் இல்லை.

ஈமேக்ஸில் தொலை சர்வரோடு பேசும் வேலையை டிராம்ப் என்ற தொகுப்பு செய்கிறது. மறுமுனையில் எதையும் நிறுவாது. கட்டளைகளை இயக்கும் சாதாரண ஷெல் இருந்தால் போதும், எவ்வளவு பழைய சர்வரானாலும் கோப்பைத் திறக்கும். இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது: டிராம்ப் மெதுவானது. பெரிய கிட் களஞ்சியத்தை (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் இடம்) தொலைவில் வைத்துக்கொண்டு, அதை ஈமேக்ஸுக்குள் கையாளும் மேகிட் தொகுப்பைத் திறந்தால் பொறுமை வேண்டும். தொலை சர்வரிலேயே நாள் முழுக்க வாழ்பவருக்கு, சர்வர் புதியதாக இருக்கும்வரை, ரிமோட்-எஸ்எஸ்எச் மிக வசதியானது. கன்டெய்னர் என்ற தனித்த இயக்கச் சூழலுக்குள் எடிட்டரை நுழைத்து வேலை செய்யும் முறையை விஎஸ் கோடில் நான் அதிகம் பயன்படுத்தியதில்லை. அந்தப் பழக்கம் உள்ளவர்கள் என் சொல்லை மட்டும் நம்பி மாற வேண்டாம்.

நிறுவனம் கைவிட்டால்

எடிட்டர்களின் வரலாற்றில் இந்தக் கேள்விக்கு இரண்டு சோதனைகள் ஏற்கெனவே நடந்திருக்கின்றன.

ஒன்று ஆட்டம் (Atom). கிட்ஹப் உருவாக்கிய எடிட்டர். எலக்ட்ரானே அதற்காகப் பிறந்ததுதான். 2018-ல் மைக்ரோசாப்ட் கிட்ஹப்பை வாங்கியது. 2022 டிசம்பர் 15 அன்று ஆட்டத்தின் களஞ்சியங்கள் பூட்டி வைக்கப்பட்டன. அதுவும் எம்ஐடி உரிமம்தான். மூலநிரல் எங்கும் போய்விடவில்லை. பல்சர் என்ற பெயரில் ஆர்வலர்கள் அதைத் தொடர்கிறார்கள். ஆனால் தொகுப்புகளை விநியோகித்த சர்வர் நிறுவனத்துக்குச் சொந்தம் என்பதால், அது மூடுவதற்குள் தொகுப்புகளைப் படியெடுத்துத் தங்களுக்கென ஒரு களஞ்சியத்தைக் கட்ட வேண்டியிருந்தது. உரிமம் திறந்திருந்தும் விநியோகம் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை அங்கே பார்த்தோம்.

இன்னொன்று ஈமேக்ஸே. நான் ஈமேக்ஸ் என்று சொல்லும் க்னூ ஈமேக்ஸ் 1985-ல் வெளிவந்தது. லூசிட் என்ற நிறுவனம் தன் சி++ பொருளுக்காக அதைக் கிளைத்துத் தனிப் பதிப்பொன்றை 1990-களின் தொடக்கத்தில் வளர்த்தது. 1994-ல் நிறுவனம் திவாலானது. எடிட்டர் சாகவில்லை, எக்ஸ்ஈமேக்ஸ் என்ற பெயரில் பல ஆண்டுகள் தொடர்ந்தது. அதற்கு லிஸ்ப் மொழியில் எழுதிய நிரல்கள் பலவும் க்னூ ஈமேக்ஸிலும் ஓடின. பணம் போட்டவர் போய்விட்டார், பயனர்களின் உழைப்பு மிஞ்சியது.

இதற்கு அமைப்பு ரீதியான காரணம் உண்டு. மாற்றி வெளியிட்டாலும் மூலநிரலோடு அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்ற ஜிபிஎல் உரிமத்தில் ஈமேக்ஸ் வருகிறது. குறிப்பிடத்தக்க பங்களிப்புகளின் காப்புரிமை, கட்டற்ற மென்பொருளுக்கான அமைப்பான ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைக்கப்படுகிறது. யாரும் அதை எடுத்து மூடிய பதிப்பாக விற்க முடியாது. தொகுப்புகள் எல்பா, மெல்பா போன்ற களஞ்சியங்களிலிருந்து வருகின்றன. மெல்பா நாளை நின்றாலும், ஒரு தொகுப்பென்பது கொஞ்சம் லிஸ்ப் கோப்புகள்தான். கிட் களஞ்சியத்திலிருந்து நேராக எடுத்து ஒரு அடைவில் போட்டால் ஓடும். நான் நம்பியிருக்கும் தொகுப்புகளின் படி என் சொந்தக் களஞ்சியத்தில் இருக்கிறது. எந்தப் பதிப்புக்கு எப்போது மாறுவது என்பதை நான்தான் தீர்மானிக்கிறேன்.

இதைவிட எனக்கு நெருக்கமான ஒன்று உண்டு. ஈமேக்ஸில் கன்ட்ரோல்-எச் கே அழுத்திவிட்டு எந்த விசையைத் தட்டினாலும், அது எந்தச் செயற்கூற்றை அழைக்கிறது என்று சொல்லும். அங்கிருந்து ஒரு தட்டில் அதன் மூலநிரலுக்குப் போகலாம், ஓடிக்கொண்டிருக்கும் எடிட்டரிலேயே மாற்றிப் பார்க்கலாம். எக்ஸ்டென்ஷன் எழுத்தாளருக்கு ஒன்று, பயனருக்கு ஒன்று என இரண்டு வாசல்கள் அங்கே இல்லை. விஎஸ் கோடில் எக்ஸ்டென்ஷன்கள் தனிச் செயல்முறையில், வகுத்துக் கொடுத்த இடைமுகத்துக்குள் மட்டும் இயங்கும். அதனால்தான் ஒரு மோசமான எக்ஸ்டென்ஷன் அங்கே எடிட்டரையே உறைய வைப்பது அரிது. ஈமேக்ஸில் அப்படி நடக்கலாம். அந்த நிலைப்புத்தன்மையைக் கொடுத்து இந்தச் சுதந்திரத்தை வாங்கிக்கொண்டேன். எனக்கு அது லாபம்.

பராமரிப்புக்குக் கொடுக்கும் விலை

ஈமேக்ஸ் உழைப்பைக் கேட்கும். அமைப்புக் கோப்பு வளரும், ஒரு தொகுப்பு மாறினால் இன்னொன்று முறியும், சரிசெய்ய ஒரு மாலை போகும். பல நல்ல தொகுப்புகள் ஒரே மனிதரின் தோளில் நிற்கின்றன. அவர் களைத்துப்போனால் வளர்ச்சி நிற்கும். விஎஸ் கோடுக்குப் பின்னால் சம்பளம் வாங்கும் பெரிய குழு இருக்கிறது, ஒழுங்காகப் புதுப் பதிப்பு வருகிறது. பாதுகாப்பிலும் அவர்கள் முந்திக்கொண்டார்கள்: நம்பிக்கையில்லாத அடைவைத் திறந்தால் கட்டுப்பாட்டோடு திறக்கும் வசதி அங்கே 2021-லேயே வந்துவிட்டது. எக்ஸ்டென்ஷனோ தொகுப்போ, நிறுவிவிட்டால் உங்கள் கணக்கின் முழு அதிகாரத்தோடு ஓடும் என்பதில் இரண்டும் ஒன்றுதான். எதைச் சேர்க்கிறோம் என்பதில் கவனம் இரு பக்கமும் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு உதவியில் விஎஸ் கோட் வெகுவாக முன்னே இருக்கிறது. கோபைலட் சாட் எக்ஸ்டென்ஷனை 2025-ல் எம்ஐடி உரிமத்தில் திறந்ததும் நல்ல காரியம். ஈமேக்ஸில் ஜிபிடெல் என்ற தொகுப்பை வைத்து பல நிறுவனங்களின் மாடல்களோடும், சொந்தக் கணினியில் ஓடும் மாடலோடும் பேசலாம். எனக்குப் போதுமானதாக இருக்கிறது. தானாகவே பல கோப்புகளைத் திருத்தும் ஏஜென்ட்களை இரண்டிலும் நீண்ட நாள் ஓட்டிப் பார்க்காததால், அங்கே எது சிறந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விஎஸ் கோடின் தோற்றமே வேண்டும், கட்டுப்பாடு வேண்டாம் என்றால் அதே மூலநிரலிலிருந்து கட்டிய விஎஸ்கோடியம் இருக்கிறது. எக்லிப்ஸ் ஃபவுண்டேஷன் நடத்தும் ஓப்பன் விஎஸ்எக்ஸ் களஞ்சியத்திலிருந்து எக்ஸ்டென்ஷன் எடுக்கும். மேலே சொன்ன மூடிய எக்ஸ்டென்ஷன்கள் தேவையில்லாதவருக்கு அதுவே எளிய தீர்வு. நியோவிம் கிட்டத்தட்ட ஈமேக்ஸின் எல்லா நியாயங்களையும் கொண்டது. அதன் மூலமான விம் எடிட்டரின் விசைகள் கையில் ஊறியவர் யோசிக்கவே வேண்டாம். எடிட்டர்களைச் சந்தாவுக்கு விற்கும் ஜெட்பிரெயின்ஸ் ஒரு வணிக நிறுவனம், ஆனால் ஒப்பந்தம் வெளிப்படையானது: ஓராண்டு சந்தா கட்டினால், அதற்குரிய பதிப்பைச் சந்தா நின்ற பிறகும் வைத்துக்கொள்ளலாம். ஜாவா எழுதுபவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

மாறும் எண்ணம் இருந்தால் எடிட்டரை உடனே தூக்கிப் போடாதீர்கள். விஎஸ் கோடில் நிறுவியிருக்கும் எக்ஸ்டென்ஷன்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் உரிமத்தையும் திறந்து படியுங்கள். மூடியவற்றுக்குத் திறந்த மாற்று இருந்தால், பைலான்ஸுக்குப் பதில் பைரைட் என்பது போல, விஎஸ் கோடுக்குள்ளேயே முதலில் மாற்றுங்கள். அந்த வேலை முடிந்த பிறகு எக்லாட்டில் அதே மொழி சர்வரை இணைத்து ஒரு சிறிய நிரலை மட்டும் ஈமேக்ஸில் எழுதிப் பாருங்கள். பரிந்துரையும் தாவலும் முன்பு போலவே வரும், பழக வேண்டியது விசைகள் மட்டும்தான்.