நிலாவரைக் கல்லும் பாரன் தீவுக் கல்லும்

புத்தூர் நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்தால் எங்கட யாழ்ப்பாணத்தின் அடிவயிறு தெரியும். கோடி ஆண்டளவு பழைய மயோசீன் காலக் கடலடியில் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல் அது. மழைநீர் அதைக் கரைத்துப் பொந்தாக்கியிருக்கு. மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்பு. 'அடியில்லாக் கிணறு' என்று பெரியவர்கள் சொல்ல, கீழே நெருப்புக் கிடக்கும் என்று சின்ன வயதில் நான் நம்பினது வேறு கதை.

நெருப்பு இருப்பது அந்தமான் கடலின் பாரன் தீவு எரிமலையில். பூமியின் மேலோட்டுத் துண்டுகளில் ஒன்றான இந்தியத் தட்டு பர்மாத் தட்டின் கீழ் செருகுவதால் கிளம்பும் பாறைக்குழம்பு, ஆறிக் கறுத்த பசால்ட் என்ற எரிமலைக் கல்லாகக் கிடக்கிறது. 1787இல் அந்த எரிமலை வெடித்ததாகப் பதிவு இருக்கு; பிறகும் சில தடவை வெடித்து, நூறாண்டுக்கு மேல் உறங்கி 1991இல் விழித்தது.

தேசிக்காய்ப் புளி ஒரு சொட்டு விட்டுப் பாருங்கோ: எங்கட சுண்ணாம்புக்கல் நுரைக்கும், பாரன் தீவுக் கல் அசையாது.