சைக்கோதெரபி: தங்கச்சிமடத்திலிருந்து ஒரு நீண்டநாள் பயனாளியின் கருத்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வந்தது பேனிக் டிசார்டர், அதாவது திடீர் திடீரென்று பெரும் பயம் பிடித்து உடம்பே பதறும் நோய். எடுத்துக்கொண்டது சி.பி.டி என்ற, நினைப்பையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை, கூடவே கொஞ்ச காலம் மாத்திரை. வீடு ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடம். வேலை மண்டபம் பக்கம் ஒரு நண்டு கம்பெனியில் கணக்கு எழுதுவது. தெரபிஸ்ட் இருப்பது மதுரையில். இரண்டுக்கும் போக, நடுவில் தீவையும் கரையையும் சேர்க்கும் பாம்பன் பாலம்.

பாலத்தை வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு அது அழகுதான். 1988இல் திறந்த சாலைப் பாலம், 2 கிலோமீட்டருக்குச் சற்று மேலே நீளம். சுற்றுலா வேன்காரர்கள் நடுப்பாலத்தில் நிறுத்தி செல்ஃபி எடுப்பார்கள், பின்னால் பஸ்ஸெல்லாம் வரிசை கட்டி நிற்கும். அப்படி நின்ற ஒரு பஸ்ஸில்தான் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. மூச்சு முட்டியது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது, இதோ போய்ச் சேரப்போகிறேன் என்று தோன்றியது. கொஞ்ச நேரத்தில் அடங்கியும் விட்டது. ஆனால் அதற்கப்புறம் பஸ் பாம்பன் ஸ்டாப்பைத் தாண்டினாலே ஆரம்பித்துவிடும். பிறகு பஸ் ஏறும்போதே. பிறகு முந்தின ராத்திரியே. தீவுக்கு வரும் ரயில் வேறு 2022 டிசம்பரில் நின்றுவிட்டது. புது ரயில் பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தார்கள். அதுவரை வெளியே போக அந்தச் சாலை ஒன்றுதான் வழி. லீவு போட ஆரம்பித்தேன்.

ஈ.சி.ஜி, தைராய்டு, ரத்தசோகை எல்லாம் பார்த்தாகிவிட்டது. சரியாகவே இருந்தன. (இதைத் தாண்டிப் போகாதீர்கள். தைராய்டு கூடினாலும் இதே படபடப்பு வரும்.) மாமியார் ஓரியூர் அருளானந்தர் கோவிலுக்கு நேர்ந்துகொண்டார். போய்விட்டும் வந்தோம், மனசுக்கு நன்றாக இருந்தது, பஸ் பயம் அப்படியே இருந்தது. மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்று என் அண்ணன் சொன்னபோதுதான் வீட்டில் எல்லார் முகமும் மாறியது. எங்கள் பக்கம் யாராவது கொஞ்சம் ஒருமாதிரி பேசினால் "ஏர்வாடிக்குத்தான் அனுப்பணும்" என்பார்கள். மனநோய் உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டுபோகும் தர்கா இருக்கிற ஊர் அது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போன செய்தியைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். சங்கிலி போடுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நேரடியாகவே தடை செய்துவிட்டது. தர்கா பக்கத்திலேயே மருத்துவரும் மருந்தும் கிடைக்க 'தவா-துவா' (மருந்தும் வேண்டுதலும்) என்ற அரசு ஏற்பாடும் வந்தது. ஆனாலும் அந்தப் பயம் வீட்டுக்கு வீடு இன்னும் இருக்கிறது. நான் தயங்கியதற்குப் பாலத்தைவிட அதுதான் பெரிய காரணம்.

மருத்துவர் எஸ்சிடலோபிராம் என்ற, பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரை எழுதினார். வேலை செய்ய சில வாரம் ஆகும், முதல் வாரம் வயிறு கொஞ்சம் படுத்தும், பயந்து நிறுத்திவிடாதே என்று முன்கூட்டியே சொன்னார். அப்படியே நடந்தது. அதற்கு முன்னால் ஒரு கிளினிக்கில் அல்ப்ரசோலம் என்ற, பதற்றத்தைச் சட்டென்று அடக்கும் மாத்திரை தந்திருந்தார்கள். போட்டால் கால் மணி, அரை மணியில் நிம்மதி. அந்த நிம்மதிதான் சிக்கல்: பழகிப்போகும், திடீரென்று நிறுத்தவும் கூடாது. மருத்துவர் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்து அதை எடுத்துவிட்டு, "மாத்திரை அலையைக் குறைக்கும், நீந்தக் கத்துக்கணும்னா தெரபிக்குப் போங்க" என்றார்.

"பேசுறதுக்கு எதுக்குத்தா காசு? நாங்கள்லாம் பேச மாட்டமா?" என்று மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான். எங்கள் தெருவில் ஆறுதல் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. நான் தெரபியில் வாங்கியது ஆறுதல் கிடையாது. வேலை. வீட்டுப்பாடம். வாரா வாரம் நோட்டில் எழுதிக்கொண்டு போக வேண்டிய கணக்கு. இதை எதிர்பார்க்காமல் போகிறவர்கள் இரண்டு மூன்று செஷனில் நின்றுவிடுகிறார்கள்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றி. "ஒரே சிட்டிங்கில் பயம் போகும்" என்று ஃப்ளெக்ஸ் வைத்த ஒருவரிடம் முதலில் பணம் கட்டினோம், அதைப் பற்றி இதற்கு மேல் வேண்டாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின், அதாவது ஆர்.சி.ஐ.யின், பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டால் கோபப்படாமல் சொல்கிறவரிடம் போங்கள். என் தெரபிஸ்ட் கேட்பதற்கு முன்பே சொன்னார். மாத்திரை எழுத மாட்டேன், மருத்துவரோடு பேசிக்கொள்வேன் என்பதையும், என்னைப் பற்றிய விவரம் எந்தச் சூழ்நிலையில் வெளியே போகும் என்பதையும் முதல் நாளே சொன்னார். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும். வேறெதற்கும் இல்லை, உங்க வீட்டுக்காரர் போன் பண்ணிக் கேட்டாலும் இல்லை என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கே முதல் செஷன் பணம் சரியாய்ப் போயிற்று என்று நினைத்தேன்.

சிகிச்சை எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பேனிக்கை ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1986இல் எழுதியது. நெஞ்சு சற்று வேகமாகத் துடிக்கிறது; மனசு அதை மாரடைப்பு என்று எடுத்துக்கொள்கிறது; பயத்தில் இன்னும் துடிக்கிறது; பார்த்தாயா, நான் சொன்னேனே என்கிறது மனசு. வேகவேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைவதால்தான் விரல் மரப்பதும் தலை கிறுகிறுப்பதும். மயங்கி விழுந்துவிடுவேன் என்பது என் பெரிய பயம். மயக்கம் பெரும்பாலும் ரத்த அழுத்தம் சட்டென்று விழுவதால் வருவது, பேனிக்கில் அது கூடுகிறது என்று அவர் சொன்னது எனக்குப் புதுச் செய்தி.

சொன்னதோடு விடவில்லை. அறையிலேயே என்னைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றச் சொன்னார். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரா வழியாக ஒரு நிமிடம் மூச்சு வாங்கச் சொன்னார். பயமுறுத்தும் அதே உணர்ச்சிகளை நாமே வரவழைத்து, அதனால் ஒன்றும் ஆகவில்லை என்பதை உடம்புக்குக் காட்டுவது. வீட்டிலும் தினம் செய்ய வேண்டும். (இளநீர்க் கடை ஸ்ட்ரா உதவாது, ரொம்பப் பெரிசு. ஜூஸ் பாக்கெட்டில் ஒட்டியிருக்குமே, அதுதான்.) பிள்ளைகள் சுற்றி நின்று சிரித்தார்கள்.

பிறகு பாலம். பயத்துக்கு 0 முதல் 100 வரை மார்க் போட்டு ஒரு ஏணி எழுதினோம். அடிப்படியில் பாம்பன் கரையில் நின்று பாலத்தைப் பார்ப்பது. அப்புறம் மதினியோடு ஆட்டோவில், தனியாக பஸ்ஸில், நெரிசலில் நின்றுகொண்டு. உச்சியில், கச்சான் காற்று அடிக்கிற நாளில் நடுப்பாலத்தில் இறங்கிக் கைப்பிடிச் சுவர் ஓரம் நிற்பது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் "என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்" என்று எழுதணும், பின்னால் "என்ன நடந்தது" என்று எழுதணும். இரண்டும் ஒத்துப்போகாத பக்கங்கள் சேரச் சேரத்தான் பயம் இளகியது. பயம் வரவே இல்லையா என்பது கணக்கில் வராது, வந்த பயத்தோடு நின்றாயா என்பதுதான் மார்க்.

இதில் எனக்குக் கஷ்டமாயிருந்தது காவல் சாமான்களை விடுவது. தண்ணீர் பாட்டில், பையில் ஒரு அல்ப்ரசோலம் பட்டை, ஜன்னல் சீட், கையில் போன், ஜெபமாலை. இவை இருப்பதால்தான் பிழைத்தேன் என்று மனசு நம்பிவிட்டால் பாலத்தைத் தாண்டியும் ஒன்றும் கற்காது. ஒவ்வொன்றாக விட்டேன். ஜெபமாலையை மட்டும் விடச் சொல்லவில்லை. அவர் கிறிஸ்தவரும் இல்லை. "நீங்க சொல்றது ஜெபமா, பஸ்ஸுக்குக் காவலா? அது உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். நான் அதை ராத்திரி வீட்டில் சொல்லும் பழக்கத்துக்குத் திரும்பினேன். புது ரயில் வந்தபோது இனி ரயிலிலேயே போய்விடலாம் என்று ஆசை வந்தது. கொஞ்ச நாள் வேண்டுமென்றே பஸ்ஸிலேயே போனேன்.

இதுவரை பாராட்டு. இனி சிகிச்சை தடுமாறிய இடம்.

என் வீட்டுக்காரர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். படகு வரத் தாமதமானால் எனக்கு வரும் நினைப்பை சி.பி.டி நோட்டில் எழுதினேன்: ஏதோ ஆகிவிட்டது, பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த கட்டத்தில் அதற்கு ஆதரவான ஆதாரம், எதிரான ஆதாரம் எழுத வேண்டும். புத்தகத்தில் எதிரான ஆதாரம்தான் ஜெயிக்கும். எங்கள் தெருவில் அப்படி ஜெயிக்காது. இலங்கைக் கடற்படை பிடித்துப்போய் மாதக்கணக்கில் சிறையிலிருந்து வந்தவர் எதிர்வீட்டில் இருக்கிறார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனதை என் அம்மாச்சி கண்ணால் பார்த்தவர். இந்தப் பயத்தை மிகைநினைப்பு என்று எழுத என் கை வரவில்லை. தெரபிஸ்ட் முதலில் வழக்கமான வழியிலேயே கொண்டுபோகப் பார்த்தார். நான் விளக்கிய பிறகு, "சரி, இதுக்கு இந்த நோட்டு வேண்டாம்" என்று மூடிவைத்தார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

பதிலுக்கு வந்தது இரண்டு பட்டியல். இன்று ராத்திரி நான் செய்யக்கூடியது, செய்ய முடியாதது. முதல் பட்டியலில்: போவதற்கு முன் இன்காய்ஸ் என்ற அரசு கடல் தகவல் மையத்தின் கடல்நிலை அறிவிப்பைச் சேர்ந்து பார்ப்பது, கூடப் போகும் படகுகளின் வீட்டு எண்களை வைத்துக்கொள்வது, சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் அவர் ஒரு மிஸ்டு கால் கொடுப்பது, எந்த நேரம் தாண்டினால் சங்கத்தில் சொல்வது என்று முன்பே பேசி வைப்பது. இரண்டாவது பட்டியலுக்கு சாயங்காலம் இருபது நிமிடம் 'கவலை நேரம்'. மற்ற நேரத்தில் வந்தால் குறித்துக்கொண்டு அந்த இருபது நிமிடத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும். சிரிப்பாகத் தோன்றும். எனக்குப் பாதிக்குப் பாதி பலித்தது. காற்று மாறும் ராத்திரிகளில் தூக்கம் இன்னும் வருவதில்லை, அதைத் தெரபி தீர்க்கும் என்று நான் இப்போது எதிர்பார்ப்பதும் இல்லை.

வீடியோ செஷன் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஸ்ட்ரா, நாற்காலி மாதிரி உடம்புப் பயிற்சிகளை முதலில் நேரில் கற்றது நல்லது. மற்றதற்கு வீடியோ போதும். சிக்கல் இடம்தான். எங்கள் வீட்டில் ஒரு அறையில் தும்மினால் நாலு அறையில் "நூறாயுசு" சொல்வார்கள். அத்தாச்சி வீட்டு மாடியில் இடம் பிடித்தேன். ஃபேன் போட்டால் சத்தம், போடாவிட்டால் வேர்வை. வீடியோ உறைந்தால் காமிராவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் தொடர்ந்தோம், முகம் தெரியாததால் சில விஷயங்கள் எளிதாகவே வாயில் வந்தன.

அவர் மதுரையில் நடத்திய குழு சிகிச்சைக்கும் சில தடவை போனேன். அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது, யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லக் கூடாது, சொன்னால் அவர் குறுக்கே வந்து நிறுத்துவார். முதல் விதியை எல்லாரும் காப்பாற்றினார்கள். இரண்டாவது விதி நம் ஆட்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அங்கே போய்ப் பார்க்க வேண்டும்! ஒரு பெரியவர் வாய் திறந்தாலே "என் அனுபவத்துல சொல்றேன்" என்றுதான் வரும். அவரையும் புண்படுத்தாமல், பேசிக்கொண்டிருந்த பெண்ணையும் விட்டுவிடாமல் தெரபிஸ்ட் சமாளித்ததைப் பார்ப்பதே தனிப் பாடம். ஆனால் என் பிரச்சினைக்குத் தனிச் செஷன்தான் அதிகம் உதவியது.

செலவு: ஒரு செஷன் 50 நிமிடம், 1000 ரூபாய், பஸ் செலவு தனி. என் காப்பீட்டில் வெளிநோயாளர் செலவு கிடையாது. தனியாரிடம் முடியாதவர்கள் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் தெரபி பற்றி நேரடியாகக் கேளுங்கள், கேட்காவிட்டால் மாத்திரைச் சீட்டோடு முடிந்துவிடலாம். ராத்திரி நேரத்துக்கு 14416 இருக்கிறது, டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், தமிழில் பேசலாம். நானும் கூப்பிட்டிருக்கிறேன். அந்த ராத்திரியைக் கடக்க உதவியது, தெரபிக்கு மாற்று என்று நினைக்காதீர்கள்.

ஒவ்வொரு செஷனுக்கும் முன் பதற்றத்தை அளக்கும் ஜி.ஏ.டி-7 என்ற ஏழு கேள்வித் தாளை நிரப்புவேன். 0 முதல் 21 வரை மதிப்பெண். ஆரம்பத்தில் 15க்கு மேல் இருந்தது, இப்போது பெரும்பாலும் ஒற்றை இலக்கம். நடுவில் உச்சிப்புளி தாண்டும்போது, பாலமே இல்லாத இடத்தில், ஒரு தடவை பழையபடி வந்தது. கடைசிச் செஷன்களில் எழுதிய 'திரும்ப வந்தால்' பக்கத்தைப் பையிலிருந்து எடுத்தேன். முதல் வரியே "வரும்" என்று இருந்தது.

மாத்திரையை மருத்துவர் சொற்படி குறைத்து நிறுத்தியாகிவிட்டது. தெரபியும் வாரா வாரம் இல்லை, வருடத்துக்கு ஒன்றிரண்டு. அதை மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15க்கும் ஜூன் 14க்கும் நடுவில் வைத்துக்கொள்கிறேன். தடை விசைப்படகுக்குத்தான் என்றாலும் அப்போது கம்பெனியில் வேலை கம்மி, லீவு கேட்டால் முதலாளி முகம் சுளிப்பதில்லை.