கண்ணாடி இழை பிளாஸ்டிக்கைப் பிசிறில்லாமல் கடைய எந்த டூல்?

கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்கை லேத்தில் கடையும்போது டூலுக்கு இரண்டு தொல்லை. இழைகளைப் பிணைத்திருக்கும் ரெசின் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது, அதனால் சூட்டில் பெரும்பகுதி டூலின் முனையில் தங்கிவிடும். உள்ளே இருக்கும் இழையோ அந்த முனையை அரம்போலத் தேய்க்கும். முனை மழுங்கியதும் இழை வெட்டுப்படாமல் பிடுங்கப்படும். ஜாப்பின், அதாவது கடையும் பொருளின், ஓரத்தில் மயிர் மயிராக நிற்கும் பிசிறு அப்படி வருவதுதான்.

ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலில் ஒரு பெரிய வசதி: வேண்டிய கோணத்தில் நாமே கிரைண்ட் செய்து மிகக் கூர்மையாக்கலாம். துணி அடுக்குகளை ரெசினில் அழுத்திச் செய்த துணி பேக்கலைட்டில் நாலைந்து புஷ் (குழல் போன்ற சிறு உருளை) கடைய இது தாராளமாகப் போதும். ஆனால் ஜி10, எஃப்ஆர்4 போன்ற கண்ணாடி எபாக்ஸியில் கூர்மை சீக்கிரமே போய்விடும். நீளமான ஜாப் என்றால் தொடங்கிய இடத்தில் ஒரு விட்டம், முடிந்த இடத்தில் இன்னொன்று.

ஹெச்எஸ்எஸ்ஸைவிடக் கடினமான கார்பைடு என்றதும் இரும்புக்கு வைத்திருக்கும் இன்சர்ட்டையே (மாற்றக்கூடிய வெட்டுமுனையையே) மாட்டிவிடுகிறார்கள். அதன் முனை பலமாக இருப்பதற்காகவே அதன் விளிம்பை லேசாக உருட்டி, மேலே பூச்சும் கொடுத்திருப்பார்கள். பிளாஸ்டிக்கில் அது வெட்டாது, தேய்க்கும். அலுமினியத்துக்கென வரும் பூச்சில்லாத, பளபளப்பான, நல்ல பாசிட்டிவ் ரேக் (வெட்டுமுனையின் மேல்முகம் பின்னோக்கிச் சரியும் கோணம்) உள்ள இன்சர்ட்தான் சரி. பெரும்பாலான வேலைகளுக்கு என் ஓட்டு இதற்கே. ஃபீடை (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரத்தை) ரொம்பக் குறைத்தால் இதுவும் தேய்க்கத்தான் செய்யும்.

பிசிடி, அதாவது செயற்கை வைரத் துகள்களை அழுத்திச் செய்த முனை, கார்பைடைவிடப் பல மடங்கு உழைக்கும். விலையும் அப்படித்தான். கார்பன் ஃபைபர் ஜாப், ஒரே அளவில் நூற்றுக்கணக்கான புஷ் என்றால் போட்ட காசு திரும்பிவிடும். ஆடும் பழைய லேத்தில் மாட்டினால் முனை உடையும். ஜாப்புக்குள் இரும்புத் துண்டு பதித்திருந்தாலும் வேண்டாம்; சூட்டில் இரும்பு வைரத்தைத் தின்றுவிடும்.

டூலைக் குளிர்விக்க ஊற்றும் கூலன்ட் விஷயத்துக்கு வருவோம். ஈரமாகக் கடைந்தால் தூசி பறக்காது, சூடும் குறையும். ஆனால் நைலானும் காகித, துணி பேக்கலைட்டும் தண்ணீரை உறிஞ்சி உப்பும். அன்று சரியாக இருந்த அளவு காய்ந்தபின் இருக்காது. இவற்றை உலர்வாகக் கடைந்து, டூலுக்கு அருகிலேயே வேக்குவம் குழாயை வைப்பது மேல். ஏர் அடித்தால் தூசி பட்டறை முழுக்கப் பரவும். கண்ணாடித் தூசி தோலை அரிக்கும், நுரையீரலுக்கும் ஆகாது, மாஸ்க் கட்டாயம். லேத்தின் அடித்தளமான பெட்டையும் மூடி வையுங்கள். கார்பன் தூசி மின்சாரத்தைக் கடத்துவதால் கன்ட்ரோல் பேனலுக்குள் போனால் செலவுதான்.

எந்த டூலானாலும் அது ஜாப்பை விட்டு வெளியேறும் ஓரத்தில்தான் அடுக்கு பிரியும். பார்ட்டிங் செய்யுமுன், அதாவது ஜாப்பை வெட்டிப் பிரிக்குமுன், அந்த இடத்தில் சிறு பள்ளம் போட்டு இரு ஓரங்களையும் சாம்ஃபர் செய்து சரிவாக்கிவிடுங்கள். குழாயின் முனைமுகத்தைச் சமமாக்க ஃபேஸ் செய்வதென்றால் துளைக்குள் இறுக்கமாக ஒரு மரக்கட்டையைச் செருகி, வெளியிலிருந்து உள்நோக்கி, கட்டையையும் சேர்த்தே வெட்டுங்கள்.