ஒரே மரத்தை வைத்துக் காட்டை எண்ணலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் தேநீர் குடிக்கும் ஒட்டுக்கடையில், வேறு கோள்களில் உயிர் உண்டா என்ற பேச்சு எழுந்தால் இரண்டு கட்சிதான். செம்பனைக் குலை லாரி ஓட்டும் மச்சான், "இத்தனை கோள்ல எங்கயாவது ஒரு யானை, ஒரு பலா மரம் இருக்காதா?" என்பார். தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவராக, இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா, புத்தகத்தில் ஏறாத கணக்கை ஒப்ப மாட்டார்.

மச்சானுக்கு எண்ணிக்கைதான் பலம். சூரியன் மாதிரி விண்மீனைச் சுற்றும் கோள் ஒன்று முதலில் தெரிந்தது 1995இல். இன்று எல்லா வகை விண்மீன்களையும் சேர்த்து உறுதியான கோள்கள் 6,000க்கு மேல்.

பெரியப்பா காலத்தைக் காட்டுகிறார். பூமிக்கு வயது 454 கோடி ஆண்டு. நுண்ணுயிர் 350 கோடி ஆண்டுக்கு முன்பே வந்துவிட்டது. விலங்கு வந்து சுமார் 60 கோடிதான் ஆகிறது. இடையில் ஒரு செல் பாக்டீரியா ஒன்றை உள்ளே வாங்கி, செரிக்காமல் குடிவைத்துக்கொண்டது. அதுதான் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியா. யானை, பலா, காளான் எல்லாம் அந்த ஒரு குடும்பத்து வாரிசு. அதன் பிறகு பல செல் உடம்பு தனித்தனியாகப் பல தடவை உருவானது. ஆக, சிக்கல் பாக்டீரியாவைக் குடிவைத்த அந்த ஒரு படியில்தான்.

"முதல்ல வந்தவன் லாலான் புல்லு மாதிரி படர்ந்துட்டா, அடுத்தது எப்படி மாமா முளைக்கும்? ஒரு தடவைதான் நடந்துச்சுன்னு எப்படிச் சொல்றது?" என்று மச்சான் மடக்கினார். நல்ல கேள்வி. பெரியப்பாவே கொஞ்சம் யோசித்தார்.

பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் நட்டதாகச் சொல்லும் பால்மரம் நிற்கிறது. அதை மட்டும் பார்த்தால் ரப்பர் விதை சுலபமாக முளைக்கும் என்று தோன்றும். பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன சுமார் 70,000 விதையில் முளைத்தது 2,700 சொச்சம்தான். ரப்பருக்கு அந்தக் கணக்கு இருக்கிறது. உயிருக்கு நம்மிடம் மரம் மட்டும்தான், ஒன்றே ஒன்று.

என் ஓட்டு பாதிப் பாதி: நுண்ணுயிருக்கு மச்சான், யானைக்குப் பெரியப்பா. இன்னும் சுமார் 100 கோடி ஆண்டில் சூரியன் சூடேறிப் பூமியை வாட்டிவிடும். கொஞ்சம் தாமதித்திருந்தால் நாமே வந்திருக்க மாட்டோம். சூரியனைவிடச் சிறிய, மங்கலான சிவப்புக் குள்ள விண்மீன்களுக்கு ஆயுள் அதிகம், உண்மைதான். ஆனால் அவை சீறும் சீற்றத்தில் பக்கத்துக் கோளில் காற்று தங்குமா?

"ஒரு கோள்ல ஆக்சிஜன் தெரிஞ்சா ஒத்துக்குவீங்களா மாமா?"

"பாசி இருக்குன்னு வேணும்னா எழுதிக்கலாம். இங்க ஆக்சிஜன் சேர்ந்த பிறகும் விலங்கு வர 180 கோடி வருசம் ஆச்சே, தம்பி."