வெறும் பெட்டியோடு ஓடினால் ஒரு ‘டொக்’

வவுனியாவில் இருக்கும் என் மனைவியின் தம்பி போன கிழமை தொலைபேசியில் கேட்டான்: “அத்தான், உங்களிடம் நிற்கிற அதே மாடல் கெப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. விலையையும் கொஞ்சம் இறக்கியிருக்கிறார்கள். எடுக்கலாமா?”

“எடுக்காதே” என்றேன். அவன் ஏன் என்றான். அரை மணித்தியாலம் பேசியும் எனக்குச் சொல்லி முடியவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

வண்டியின் பெயரை எழுதவில்லை. இரண்டு வரிசை ஆசனமும் பின்னால் திறந்த சாமான் பெட்டியும் உள்ள ஜப்பானிய டபுள் கெப் ஒன்று என்று நினைத்துக்கொள்ளுங்கள். முன்னுக்குச் சுருள் ஸ்பிரிங், பின்னுக்குத் தட்டு ஸ்பிரிங், டீசல் எஞ்சின். இந்த வகையில் ஓடித் திரிகிறவை பெரும்பாலும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். 2019 கடைசியில் வாங்கினேன். அப்போது மீற்றரில் 92 ஆயிரம் கிலோமீற்றர். அடுத்த மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. ஊரில் எல்லோரும் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள். நானும் மறுக்கவில்லை. எஞ்சின், கியர், கிளச், ஏசி எதிலும் சொல்லத்தக்க குறை இல்லை. அவற்றைப் பற்றி இதோடு போதும்.

எடுக்காதே என்று நான் சொன்னதற்குக் காரணமான சத்தத்துக்கு வருகிறேன்.

தார் வீதியில் அது கிடையாது. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்கு வந்து சேரும்வரை வண்டி பூனைபோல வரும். பிரதான வீதியை விட்டுக் கிரவல் பாதையில் இறங்கி, வாய்க்கால் கரையோரம் பதினைந்து இருபது வேகத்தில் போகும்போது, மதகில் ஏறி இறங்கும் இடத்தில் ஒரே ஒரு ‘டொக்’. இரண்டு இல்லை. கடகடப்பு இல்லை, கிறீச்சிடல் இல்லை. மர மேசையில் விரல் முட்டியால் ஒருமுறை தட்டியதுபோல இருக்கும். அடுத்த மதகில் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு போனால் கேட்காது. மறந்துபோய் வயலைப் பற்றி யோசிக்கத் தொடங்கும்போது கேட்கும்.

எங்கிருந்து வருகிறது என்பதில் வீட்டில் ஒற்றுமை இல்லை. எனக்கு இடப்பக்க முன்சில்லு. மனைவிக்குத் தன் ஆசனத்துக்கு நேர் கீழே. மகனுக்குப் பின்பக்கம். பின் ஆசனத்தில் இருந்த அம்மா முதல்தடவை கேட்டபோது, “தம்பி நிறுத்து, ஆரோ கதவைத் தட்டுகினம்” என்றார். நிறுத்தி இறங்கியும் பார்த்தேன். வாய்க்கால் கரையில் ஒரு மாடு மட்டும் நின்றது.

இதில் எனக்கு வெட்கம் கலந்த கோபமும் உண்டு. சத்தத்தைக் கேட்டே எது, எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று சொல்லப் பழகிய காதுகள் எங்களுடையவை. பதுங்குகுழிக்குள் இருந்தபடியே, போகிற ஷெல் எது, வருகிற ஷெல் எது என்று பிரித்துச் சொன்ன சனம். அந்தக் காதை வைத்துக்கொண்டு, என் காலுக்கு ஆறடிக்குள் கேட்கிற ஒரு ‘டொக்’ எங்கிருந்து வருகிறது என்று அறிய எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

தொடக்கம் 2022. அந்த வருடத்தைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. டீசல் தட்டுப்பாடு, வரிசை, பிறகு பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை. வண்டி வேப்பமரத்தடியில் மாதக்கணக்கில் நின்றது. நின்ற வாகனத்தின் இறப்பர் காய்ந்து இறுகும் என்பது எனக்குத் தெரியும், ஆனால் டீசல் இல்லாமல் எப்படி உருட்டுவது? திரும்ப ஓடத் தொடங்கிய முதல் மாதமே அந்தத் தட்டல் வந்துவிட்டது.

முதலில் போனது கிளிநொச்சியில் ஒரு கராஜுக்கு. முன்சில்லு இரண்டையும் ஆட்டிப் பார்த்துவிட்டு, “ஸ்டெபிலைசர் லிங்க் போய்விட்டது அண்ணை” என்றார்கள். வண்டி சாயாமல் பிடிக்கிற தண்டின் நுனியில் இருக்கும் சிறு இணைப்புக் கம்பி அது. அது உண்மைதான். கழற்றிய லிங்கின் குமிழ் கையில் தளதளவென்று ஆடியது. மாற்றினோம். ‘டொக்’ அப்படியே இருந்தது. பிறகு வவுனியாவில் ஒரு கராஜ். “கீழ் போல் ஜொயின்ட்” என்றார்கள், சில்லுப் பக்கத்துக் குமிழ் மூட்டு. அதிலும் தேய்வு இருந்தது. சோடியாக மாற்றி, சில்லு நேர்ப்படுத்தி, பெரிய பில் ஒன்றையும் தந்தார்கள். மதகில் ஏறினேன். டொக்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு லட்சத்துக்கு மேல் ஓடிய வண்டியின் அடியில் எதைத் தொட்டாலும் தேய்ந்துதான் இருக்கும். தேய்ந்ததைக் கண்டுபிடிப்பது சுலபம். சத்தம் போடுகிற தேய்வு எது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. ஒவ்வொரு கராஜிலும் வண்டியை ஜக்கில் தூக்கினார்கள். தூக்கிய வண்டி சத்தம் போடாது. வாய்க்கால் கரைக்கு வந்து ஒருமுறை பக்கத்தில் இருந்து கேளுங்கள் என்றால் நேரமில்லை என்றார்கள்.

மூன்றாவதாக, முன்பக்கக் கீழ் ஆம் புஷ்கள், அதாவது முன்சில்லைத் தாங்குகிற இரும்புக் கைகள் சட்டகத்தோடு சேரும் இடத்து இறப்பர் மூட்டுகள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் சொல்லி, பஸ்ஸில் போட்டு எடுப்பித்தேன். அழுத்திப் பொருத்தினார்கள். மூன்று மாதத்தில் இறப்பர் கிழிந்து தொங்கியது. சாமான் போலி என்று கடைக்காரரோடு சண்டை பிடித்தேன். பிழை சாமானில் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. இதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், என் காசில் நான் கற்ற பாடம் இது ஒன்றுதான்.

அந்த வகைப் புஷ்ஷில் நடுவே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஓர் இரும்பு வளையம், இடையில் இரண்டோடும் ஒட்டிய இறப்பர். போல்டை இறுக்கினால் நடுக்குழாய் அசையாமல் பிடிபட்டுவிடும். பிறகு சில்லு மேலும் கீழும் போகும்போது இறப்பர்தான் முறுகிக் கொடுக்கும். ஜக்கில் வண்டி தொங்கும்போது ஆம் கீழே தாழ்ந்து நிற்கும். அந்த நிலையில் வைத்துப் போல்டை இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், சும்மா நிற்கும்போதே இறப்பர் முறுகியபடி நிற்கும். ஓடாமல் நின்றாலும் அதற்கு ஓய்வு இல்லை. அதுதான் மூன்று மாதம். போல்டை முதலில் தளர்வாகப் போட்டு, சில்லுகளைத் தரையில் வைத்து, வண்டியின் பாரம் முழுவதும் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். இதைச் செய்ய ஒருவர் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும், முதுகில் மண் படும், அதனால்தான் பலர் செய்வதில்லை. இரண்டாவது முறை நான் பக்கத்தில் நின்று, வண்டியை இறக்கிய பிறகுதான் இறுக்க விட்டேன். அந்தப் புஷ்கள் இன்றும் இருக்கின்றன.

‘டொக்’கும் இருந்தது.

இடையில் ஒரு புண்ணியவான் தட்டு ஸ்பிரிங்குகளுக்கு இடையில் கிறீஸ் பூசச் சொன்னார். பூசினேன். கிறீஸில் நம் கிரவல் தூசி ஒட்டி, இரண்டு கிழமையில் அரத்தாள்போல உராயத் தொடங்கியது. அதுவரை இல்லாத ஒரு முனகலும் சேர்ந்துகொண்டது. மண்ணெண்ணெயால் கழுவித் துடைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. இறப்பர் புஷ்ஷிலும் சிலர் கிறீஸ் பூசுவார்கள். அது இறப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். செய்யாதீர்கள்.

அம்மாவுக்குக் காரணம் முதலிலேயே தெரிந்திருந்தது. வண்டி திரும்ப ஓடத் தொடங்கிய நாளில் முறிகண்டியில் நிறுத்தாமல் வந்துவிட்டேனாம். ஏ9 வீதியில் போகிற பஸ், லொறி எல்லாம் பிள்ளையாரிடம் நிறுத்தித்தான் போகும். எனக்கு அன்று டீசல் கணக்கு. சரி என்று ஒரு நாள் போய்த் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டு நாள் சத்தம் இல்லை. அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. அந்த இரண்டு நாளும் மழை, மதகுப் பள்ளமெல்லாம் சேறு நிரம்பியிருந்தது என்று சொல்ல வாயெடுத்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

2024 மாசியில் பின்பக்கச் சொக் அப்சோபர் இரண்டையும் மாற்றினேன். பதினொரு நாள் முழு அமைதி. வென்றுவிட்டேன் என்று நினைத்து, மைத்துனனுக்குக்கூடத் தொலைபேசியில் சொன்னேன். பன்னிரண்டாம் நாள் டொக். அன்றிரவு வண்டியை விற்றுவிடுகிறேன் என்று நான் சொல்ல, மனைவி, “காலபோக நெல் ஏற்றி முடியட்டும், பிறகு விற்கலாம்” என்றாள். அவள் சொன்னதில் விடை இருந்தது. எனக்குத்தான் அது ஏறவில்லை. அந்தப் பதினொரு நாளும் அறுவடை. பெட்டி நிறைய நெல் மூட்டை. பன்னிரண்டாம் நாள் பெட்டி வெறுமை.

நெல் ஏற்றினால் சத்தம் இல்லை என்பது பிறகு பிடிபட்டபோதும், காரணத்தைத் தேடாமல் குறுக்கு வழியைத்தான் பிடித்தேன். நான்கு உரப்பைகளில் மண் நிரப்பிப் பெட்டியில் போட்டேன். சத்தம் நின்றது. டீசல் கூடக் குடித்தது. அம்மா அந்த மண்மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். 2009இல், போரின் கடைசி மாதங்களில், எங்கள் வீட்டு மண்மூட்டைகள் எல்லாம் அம்மாவின் சேலைகளில் தைத்தவை. “இதற்காவது உரப்பை கிடைத்ததே” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

போன வருடம்தான் ஒருவர் சரியான கேள்வியைக் கேட்டார். உழவு இயந்திரங்கள் திருத்துகிற வயதானவர். கெப் வேலை தனக்குத் தெரியாது என்றே சொன்னார். “பாரம் ஏற்றினால் கேட்கிறதா?” இல்லை என்றேன். “மெல்லப் பிரேக்கை மிதித்தபடி மதகில் ஏறினால்?” அப்போதும் கேட்கிறது என்றேன். “அப்படியென்றால் பிரேக் பாட் ஆடுகிற சத்தம் இல்லை” என்றார். பிறகு பின்பெட்டியில் ஏறிக் குந்தி, இரண்டு உள்ளங்கைகளையும் தகரத்தில் பதித்துக்கொண்டு ஓடச் சொன்னார். மூன்றாவது மதகில் கூரையைத் தட்டி நிறுத்தினார். காது தேவைப்படவில்லை, கையில் தெரிந்துவிட்டது.

பெட்டியைச் சட்டகத்தோடு பிணைக்கிற போல்டுகளில் இடப்பக்கம் முன்னால் இருப்பது தளர்ந்திருந்தது. டோர்ச் அடித்துக் காட்டினார். சுற்றிலும் துருவும் சேறும், அந்தப் போல்டின் தலையைச் சுற்றி மட்டும் புதுச் சில்லறைக் காசுபோல ஒரு பளபளப்பு. இரும்பும் இரும்பும் உராய்ந்தால் அப்படித்தான் மினுங்கும், சத்தத்தைத் தேடாதே, மினுக்கத்தைத் தேடு என்றார். பாரம் ஏற்றினால் பெட்டி தானாக அழுந்தி நிற்கும், வெறுமையாக ஓடினால் மதகில் எழும்பி விழும். அந்தத் தட்டல் நீளச் சட்டகம் வழியே ஓடி முன்சில்லில் கேட்பதுபோல எனக்குக் கேட்டிருக்கிறது. மனைவிக்கு ஆசனத்தின் கீழே கேட்டதும் அதனால்தான். பின்னுக்கு என்று மகன் சொன்னதை, பதினொரு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நான்தான் தள்ளிவிட்டேன். பழைய ரயரில் ஒரு துண்டு வெட்டி வைத்து இறுக்கினார். கூலி ஐந்நூறு ரூபாய். அதுவரை நான் கொட்டிய காசை இங்கே எழுதினால் மனைவியும் வாசிப்பாள்.

நான்கு மாதம் அமைதி. மைத்துனன் தொலைபேசி எடுத்த அன்று மாலை, அதே மதகில், டொக். மினுக்கம் தேடிப் படுத்துப் பார்த்தேன். அந்தப் போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கிறது. இந்த முறை சத்தம் கொஞ்சம் மெலிது, வலப்பக்கம் போல இருக்கிறது. போல இருக்கிறது என்றுதான் சொல்லலாம். “எடுக்காதே” என்று நான் சொன்னது அந்த மாலையில்.

நியாயமாகப் பேசினால் வேறு சிலதும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தில் வயற்கரையில் இருந்த சித்தப்பா குடும்பத்தை இந்த வண்டிதான் வெளியே கொண்டுவந்தது. சில்லு பாதி மூழ்கிய தண்ணீர், கீழே வீதி எது வாய்க்கால் எது என்று தெரியாது, பெட்டியில் ஆட்களும் ஆடுகளும் நெல் விதையும். ஒருதடவைகூட நிற்கவில்லை. அன்று ‘டொக்’கும் கேட்கவில்லை, பாரம் இருந்ததே. 2025இல் இறக்குமதி திரும்பத் திறந்தபின் புதிய கெப்புகளுக்குச் சொல்கிற விலையைக் கேட்டுவிட்டு என் வேப்பமரத்தடிக்கு வந்து இதைப் பார்த்தால், தடவிக் கொடுக்கத்தான் தோன்றுகிறது. மறுநாள் மதகு வரும்.

ஆகவே, தம்பி, என் சொல் எடுக்காதே என்பதுதான். நீ எப்படியும் போய்ப் பார்ப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். அக்காவைக் கேட்காமல் முற்பணமும் கொடுத்திருப்பாய். போனால் தார் வீதியில் ஓடிப் பார்த்து மயங்காதே. கிரவல் பாதையில், கண்ணாடிகளை இறக்கி, வானொலியை நிறுத்தி, இருபதுக்கு மேல் போகாமல் ஓடு. மகனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின் ஆசனத்தில் இருத்து, அவன் சொல்வதைக் கேள். டோர்ச் கொண்டு போ. அதற்கெல்லாம் முதல், பெட்டியில் உரமூட்டையோ மண்மூட்டையோ கிடந்தால், விற்கிறவரை அதை இறக்கிவைக்கச் சொல்.